உப்புப் பனி

மார்க்கண்டுக்கு வாய்க்கு முன்னே கை பேசும். போன பொங்கலன்று பத்துப் பேர் பார்க்க, மனைவி நிசாந்தியின் தம்பி ஜெனோஜனுடைய கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டார். அவர் வைத்த சாம்பாரில் உப்புக் கூடிப்போச்சு என்று சொன்னதுதான் அவன் செய்த குற்றம்.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் வேலையோ, மூவருக்கும் இத்தாலியில், பலெர்மோ நகரை ஒட்டிய ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஒரே மீன் உணவகத்தில். பக்கத்தில் நின்றுகொண்டே, "அக்கா, வாளியை எடுக்கட்டாம் எண்டு உன்ரை மனுசனிட்டைச் சொல்லு" என்பான் ஜெனோஜன். "உன்ரை தம்பிக்குக் கையில்லையோ எண்டு கேள்" என்பார் இவர். நடுவில் நிசாந்திக்குத்தான் தலைவலி.

அந்த மார்கழியில் கடல் வெறிகொண்டு கரையெல்லாம் உப்பை வாரி இறைத்தது. அதன்மேல், பனியே அதிகம் காணாத பலெர்மோ வாய்பிளக்க வெண்பனி கொட்டியது. உணவகத்து மொட்டைமாடியை ஒட்டிய மின்கம்பத்தில், கம்பியைத் தாங்கும் பீங்கான்களில் பனி அப்பிக்கொண்டது. மின்சாரம் விட்டுவிட்டு வந்தது. மீனெல்லாம் நாறப்போகிறதென்று முதலாளி கீழே கத்திக்கொண்டிருந்தார்.

மாடியில் பனி வழித்துக்கொண்டிருந்த மார்க்கண்டின் காதில் கம்பத்திலிருந்து ஒரு சீறல் விழுந்தது. முன்பு அந்தப் பீங்கான்களைக் கழுவும் கூலிவேலை செய்தவர் அவர். உலர்ந்த பனி மின்சாரத்தை அவ்வளவாக விடாது. உப்பில் உருகினால் அந்தத் தண்ணீரே கம்பியாகிவிடும். திரும்பினால், ஜெனோஜன் நீண்ட அலுமினியத் தடியோடு கம்பத்துப் பனியைத் தட்டிவிடப் போகிறான்.

அந்த நேரத்திலும் பாழாய்ப்போன ரோசம்! "நிசாந்தி! உன்ரை தம்பியை விலகச் சொல்லு!" என்று கீழே சமையலறையைப் பார்த்துக் கத்தினார்.

"என்னப்பா? கேக்கேல்லை!" என்றாள் அவள்.

தம்பிக்குக் கேட்டது. அவரை முறைத்துவிட்டுத் தடியை இன்னும் உயர்த்தினான்.

மார்க்கண்டு கையிலிருந்த பலகையால் அவன் முழங்கையில் ஓங்கிப் போட்டார். எலும்பு முறிந்தது. தடி விழ, அவன் கழுத்தைப் பிடித்திழுத்துத் தரையில் அமுக்கினார். நீல நெருப்பு பீங்கான்மேல் பாய்ந்தது. வெடித்துச் சிதறிய துண்டொன்று மார்க்கண்டின் காதைக் கிழித்தது. வன்னிப் போரில் செல்லடிக்குக் குப்புறக் கிடந்ததுபோல அவன்மேலேயே கிடந்தார்.

ஓடிவந்த நிசாந்தி தம்பியின் தொங்கிய கையைத்தான் கண்டாள். கணவனின் முதுகில் மாறி மாறிக் குத்தினாள். "திரும்பவும் அடிச்சுப்போட்டியளே! நீங்களும் ஒரு மனுசனோ!"

மார்க்கண்டுக்கு அழுகைதான் வந்தது.

ஜெனோஜன் கரியாகிப் புகைந்த கம்பத்தைப் பார்த்தான். அக்காவின் பக்கம் திரும்பவேயில்லை.

"அத்தான், என்னைத் தூக்கிவிடுங்கோ" என்றான்.