அம்மா பேரில் ஒரு ரசீது

எட்டு வயதில் எங்கள் வீட்டின் வங்காள விவகாரங்கள் எல்லாம் என் கையில் இருந்தன. அப்பாவுக்கு ஆபீஸ் ஆங்கிலமும் அரைகுறை இந்தியும் போதும். அம்மா கல்யாணமாகி கல்கத்தாவில் டாக்குரியாவுக்கு வந்து பத்து வருடமாகியும் வங்காள வாக்கியத்தைப் பாதியில் விட்டு, மிச்சத்தைக் கையை ஆட்டி முடிப்பாள். காய்காரர் ஏதாவது கேட்டாலும், வாசலில் நோட்டீஸ் ஒட்டினாலும், "இங்க வா, என்னன்னு பாரு" என்று எனக்குத்தான் அழைப்பு வரும். அந்தத் தலைக்கனத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அப்பா நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா பணம் கேட்டு அவர் இல்லையென்று சொன்னதே கிடையாது. "எதுக்கு?" என்று மட்டும் கேட்பார். கோபமாக இல்லை, மணி என்ன என்று கேட்பதுபோல. ஜாக்கெட் துணிக்கு என்பாள், தம்பி வீட்டு விசேஷத்துக்கு மொய் என்பாள். சில சமயம், "இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று உள்ளே போய்விடுவாள். அந்த அப்புறம் அநேகமாக வராது.

அந்த வருடம் அம்மா பாலிகஞ்சில் ஒரு மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆங்கிலப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலை, வங்காளம் தேவைப்படவில்லை. முதல் சம்பளம் வந்ததும் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனாள். எனக்கு ஏதோ வாங்கத்தான் என்று நினைத்தேன். மூன்று கடை ஏறி இறங்கி, நல்லதாக ஒரு குடை வாங்கினாள், அவளுக்கு. எனக்கு அதில் ரொம்ப மனத்தாங்கல்.

துர்கா பூஜைக்கு முந்தி ஒரு சனிக்கிழமை, தெரு கிளப் பையன்கள் நன்கொடை கேட்டு வந்தார்கள். வருடாவருடம் அம்மா கதவைப் பாதி திறந்து, அவர் வீட்டில் இல்லை, சாயங்காலம் வாங்க என்பாள். சாயங்காலம் அப்பா பணம் தருவார், ரசீது அவர் பெயரில் வரும். அம்மாவின் பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவள் பௌதி, அதாவது அண்ணி. அவ்வளவுதான்.

இந்த முறை நான் உள்ளே படம் வரைந்துகொண்டிருந்தேன். வாசலில் கொஞ்ச நேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திவிட்டு அம்மா ரசீதோடு என்னிடம் வந்தாள்.

"இதுல என்ன பேர் போட்டிருக்கு, படி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஸ்ரீமதி என்று போட்டு, அம்மாவின் பெயர்.

"இன்னொரு தரம் படி."

இன்னொரு தரம் படித்ததும்தான் எனக்குத் தப்பு புலப்பட்டது. "ஐயோ அம்மா, மாத்தி எழுதிட்டாங்க! அப்பா பேருல்ல இருக்கணும்?"

"அது இல்லடி..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் ரசீதைப் பறித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். "நில்லுடி!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. படியில் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாள் என நினைத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

ரசீதுப் புத்தகம் வைத்திருந்த கிளப் அண்ணன் தலையைச் சொறிந்தார். பௌதிதான் தன் பெயரில் எழுதச் சொன்னார், நான் இரண்டு முறை கேட்டுக்கொண்டேன் என்றார். "அம்மாவுக்கு வங்காளம் சரியாக வராது, தப்பாகச் சொல்லியிருப்பாள்" என்றேன் நான், சுத்தமான வங்காளத்தில். அவர் சிரித்துவிட்டு அந்த ரசீதைக் கிழித்துப் போட்டார். அப்பா பெயரில் புதிதாக ஒன்று எழுதித் தந்தார்.

அம்மா செருப்புக்கூடப் போடாமல் பாதிப் படி வரை இறங்கி வந்திருந்தாள்.

"சரி பண்ணிட்டேம்மா."

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு அடி விழும் என்று தோன்றியது, ஏன் என்றுதான் தெரியவில்லை. பிறகு முந்தானையால் என் வேர்த்த நெற்றியைத் துடைத்து, "சரி, வா" என்றாள். அடித்திருக்கலாம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் அப்பா ரசீதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, "இந்தா, நீ குடுத்ததை வாங்கிக்கோ" என்று பர்ஸை எடுத்தார்.

"வேணாங்க. அது என் பணம்."

"எதுக்கு நீ போய்..." என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பர்ஸ் மட்டும் கொஞ்ச நேரம் கையிலேயே இருந்தது.

நான் இப்போது நியூ டவுனில் வேலை பார்க்கிறேன். செருப்பானாலும் செடியானாலும் ஃபோனைத் தட்டினால் வீட்டுக்கு வந்துவிடுகிறது, எதுக்கு என்று கேட்க ஆளில்லை. வாங்கிய பொருளைவிட அந்தக் கேள்வி இல்லாததுதான் பெரிய சொத்து என்று புரிய எனக்கு முப்பது வயதாயிற்று. எட்டு வயதில் எங்கே புரியும்? ஒன்பதிலும் புரியவில்லை.

அடுத்த வருடம் பையன்கள் தெருமுனையில் வருவதை அம்மாதான் பால்கனியிலிருந்து முதலில் பார்த்தாள். உடனே என் கையில் காசைத் திணித்தாள்.

"ஓடிப்போய்ப் பச்சமொளகா வாங்கிட்டு வா."

"அவங்க வராங்களேம்மா. நான் பேசறேன், நீ தப்பாச் சொல்லிடுவே."

"நான் சொல்லிக்கறேன். நீ போ. மெதுவாவே வா."

மிளகாயோடு திரும்பி வந்தபோது பையன்கள் போய்விட்டிருந்தார்கள். அம்மா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். மிளகாயை வைக்கலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தால், ஒரு பை நிறையப் பச்சைமிளகாய் ஏற்கெனவே இருந்தது. வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அம்மாவுக்கு ஞாபகமறதி அதிகமாகிவிட்டது என்று அன்று சாயங்காலம் அப்பாவிடம் கவலையோடு சொன்னேன்.