தவளை பஸ்ஸில் ஒரு மீன்கூடை

தில்லையம்மாளை எந்தெந்த ஊரில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார்கள் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வாள்: காரைக்காடு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர். "சிதம்பரத்துல மட்டும் எறக்கி வுட்டதில்ல. அங்க நானே எறங்கிடுவேன்" என்பாள்.

காரணம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். காலடியில் அலுமினிய அன்னக்கூடை, அதற்குள் மீன். யாராவது மூக்கைப் பொத்துவார்கள். கண்டக்டர் விசில் ஊதுவார். வண்டி நிற்கும்.

ஐஸும் மீனும் நிறைந்த கூடையைத் தனி ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. எதிரே ஒருவர் நின்று கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். கண்டக்டர்களுக்கு அந்தக் கவலை இல்லை. கூடையைப் படியிலிருந்து இழுத்துச் சாலையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தலையில் சும்மாட்டுத் துணியோடு, தூக்கிவிட யாராவது வருவார்களா என்று அவள் வெயிலில் நிற்பாள். புதுச்சத்திரத்தில் அப்படி நின்றபோது மூத்த மகன் வயிற்றில் இருந்தான். ஐஸ் உருகி, அன்றைக்கு மீன் முழுக்க வீண்.

"மீனுக்கு அழுவல. அந்தக் கண்டக்டர் என் மூஞ்சியப் பாக்காம, கூடையப் பாத்துப் பேசுனான் பாரு, அதுக்குத்தான் அழுதேன். அதோட அழுவறத வுட்டுட்டேன்."

இப்போது அவளுக்கு ஐம்பதை ஒட்டி இருக்கும். உப்பனாற்றுக்கு இந்தப் பக்கம் தாழைத்திட்டுக் குப்பத்தில் வீடு. முன்பு சிதம்பரம் வரை கொண்டுபோய் விற்றவள், இப்போது விற்பது அக்கரையில், முதுநகர் தெருக்களில். பாலம் சுற்றுவழி. ஷேர் ஆட்டோவில் போனால் மிச்சம் என்று ஒன்றும் கையில் நிற்காது. அதனால்தான் போன வருஷம் தவளை பஸ் வந்தபோது குப்பத்திலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் அவள்.

தவளை பஸ் என்பது ஊர் வைத்த பெயர். பார்க்க டவுன் பஸ் மாதிரிதான் இருக்கும். அடிப்பாகம் மட்டும் படகு. சாலையில் சக்கரத்தில் ஓடிவந்து, ஆற்றங்கரைச் சிமெண்ட் சரிவில் இறங்கித் தண்ணீரில் மிதக்கும். பின்னால் ஒரு விசிறி சுழன்று தள்ளும். அக்கரைச் சரிவில் ஏறியதும் மறுபடியும் பஸ். மாவட்டத்துக்காக ஒரு வெளியூர் நிறுவனம் சோதனையாக ஓட்டியது. எனக்குச் சிதம்பரத்தில் வேலை. தினமும் காலையில் இதில்தான் ஆற்றைக் கடந்து, முதுநகரில் சிதம்பரம் பஸ் பிடிக்கிறேன்.

முதல் நாள் கூடையோடு ஏறிய தில்லையம்மாளிடம் கண்டக்டர் இளவரசு டிரைவர் தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினான். குறிஞ்சிப்பாடிப் பையன்; நல்லவன்தான். 'மீன், கருவாட்டுக் கூடைகளுக்கு அனுமதி இல்லை' என்றது பலகை. அவள் எட்டாவது வரை படித்தவள். அதை இரண்டு முறை படித்தாள்.

"மீன்கார ஊர்லேருந்து மீன் மார்க்கெட்டுக்குப் போற வண்டி. இதுல மீனுக்கு எடமில்லியா?"

"நான் என்னாம்மா பண்றது? கம்பெனி ரூல்."

இறங்கினாள். அடுத்த நாளும் ஏறினாள். அடுத்த நாளும் இறங்கினாள். அவள் கணவர் ராஜமாணிக்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி தெனம் அசிங்கப்படற? ஆட்டோவுலயே போயிடேன்."

"அசிங்கம் எனக்கில்ல மச்சான். எறக்கி வுடுறவனுக்கு. அவனுக்கு அது தெரியற வரைக்கும் ஏறுவேன்."

ஆனால் அடுத்த ஒரு வாரம் அவள் வண்டியில் ஏறவே இல்லை. சரிவின் ஓரம் கூடையை வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் இறங்கும் முன் வண்டி சரிவின் தலையில் நிற்கும். இளவரசு முன்சீட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை கொடுத்துக்கொண்டே பின்னால் வருவான். கடைசியில் பின்கதவைச் சாத்தித் தாழ் போடுவான். அதன்பிறகு அக்கரை சேரும்வரை கதவு திறக்காது. விசில் ஊதினாலும் வண்டி நிற்காது. நின்றாலும் இறங்க ரோடு இல்லை.

அடுத்த திங்கட்கிழமை வெறுங்கையோடு வந்து டிக்கெட் வாங்கிப் பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எனக்கு அடுத்த இருக்கை. இளவரசுக்கு ஒரே சந்தோஷம். "இன்னிக்கி லீவாம்மா?" என்றான்.

"ஆமா தம்பி, ஊரு சுத்தப் போறேன்."

சரிவின் தலையில் வண்டி நின்றது. அவன் முன்னால் சட்டை கொடுத்துக்கொண்டிருந்தபோது, சரிவின் பக்கச் சுவர்மேல் அருள்மொழியும் மாலதியும் ஏறி நின்றார்கள். இருவரும் தில்லையம்மாளோடு மீன் விற்பவர்கள். கண்ணாடி இல்லாத அகல ஜன்னல். அது வழியாகக் கூடை உள்ளே வந்தது. தில்லையம்மாள் அதைக் கால்களுக்கு நடுவே இறக்கி, சேலையைப் பரப்பிக்கொண்டாள். நான் பார்த்தேன்.

இளவரசு வந்து அவளுக்கும் ஒரு சட்டை கொடுத்தான். அவள் அதை மாட்டியதும் கதவைச் சாத்தினான். வண்டி சரிந்து இறங்கி மிதந்தது. அவள் இளவரசைக் கூப்பிட்டாள்.

"இன்னொண்ணு குடு தம்பி."

"இன்னொண்ணு எதுக்கு?"

சேலையை விலக்கிக் காட்டினாள். சங்கரா மீன்கள் ஐஸுக்குள் சிவப்பாகக் கிடந்தன. "இதுங்களுக்கு நீஞ்சத் தெரியும். அன்னக்கூடைக்குத் தெரியாது. அதுக்கு மாட்டி வுடு."

வண்டியே சிரித்தது. இளவரசின் முகம் மட்டும் வெளுத்துவிட்டது. "யம்மா, என் வேலை போயிடும். எறங்கு."

"எறங்கறேன். கதவத் தொற."

அவன் கதவைப் பார்த்தான். கதவுக்கு வெளியே உப்பனாறு.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டான். வண்டியைத் திருப்பச் சொல்லி உத்தரவு வந்தது. டிரைவர் வைத்திலிங்கம் முணுமுணுத்துக்கொண்டே நடு ஆற்றில் வளைத்தார். நடுவில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து கத்தினார்.

"ஒரு ஆளுக்காக நாங்க எல்லாரும் லேட்டாவணுமா?"

"ஒரு ஆளுக்காக இல்ல சார். ஒரு போர்டுக்காக" என்றாள் தில்லையம்மாள்.

புறப்பட்ட சரிவிலேயே வண்டி ஏறி, கதவு தண்ணீருக்கு மேலே வந்ததும் சாய்வில் நின்றது. இளவரசு தாழை நீக்கினான்.

"எறங்கும்மா."

"தூக்கி வுடு, எறங்கறேன்."

அவன் ஒரு பக்கம் பிடித்துப் பார்த்தான்; அவள் மறுபக்கம் கை வைக்கவில்லை, பின்சீட்டு இடுக்கிலிருந்து சாய்வில் தனியாக இழுக்கவும் முடியவில்லை. கூடை அசைந்து, ஐஸ் தண்ணீர் அவன் ஷூவை நனைத்தது. சரிவில் டிரைவர் சீட்டை விட்டு எழக்கூடாது. "யாராச்சும் ஒரு கை குடுங்க சார்" என்றான் இளவரசு.

தில்லையம்மாளும் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "கேக்கறான்ல, குடுங்க. சார், நீங்கதான லேட்டாவுதுன்னீங்க. வாங்க, வந்து புடிங்க."

வெள்ளைச் சட்டைக்காரர் கூடையைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார், உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் குழந்தைக்கு மொட்டை போடத் திருவந்திபுரம் போகும் ஒரு குடும்பம். "கோயிலுக்குப் போறோம், மீனத் தொட முடியாதுங்க" என்றார் அந்த அப்பா. அவள் பார்வை என்னிடம் வந்தது. எனக்குச் சட்டைக் கவலையும் இல்லை, கோயிலும் இல்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டேன். என் பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண்ணும் அப்படியே செய்தாள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம். ஒரு கை கூட நீளவில்லை.

"பாத்துக்க தம்பி. என்னத் தனியா எறக்கி வுட ஒன்னால முடியாது. எல்லாரும் சேந்தாத்தான் முடியும்."

முன்னாலிருந்து வைத்திலிங்கம் குரல் கொடுத்தார். "யோவ் இளவரசு, பிரேக்க எவ்ளோ நேரம்யா மிதிச்சிக்கிட்டே நிக்கறது? ஏத்தவா, எறக்கவா?"

இளவரசு போனில் பேசினான். "சார், தூக்க ஆள் இல்ல சார்." அந்தப் பக்கம் கத்துவது எங்கள் சீட்டு வரை கேட்டது. அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக் கதவைச் சாத்தினான். "போலாம் ரைட்."

முதுநகரில் இறங்கியபோது தில்லையம்மாள் யாரையும் கேட்கவில்லை. சும்மாட்டை வைத்துக்கொண்டு நின்றாள். நான் எதிரே போய் விளிம்பைப் பிடித்தேன். நினைத்ததைவிடக் கனம். கூடை தலைக்கு ஏறும்போது ஐஸ் தண்ணீர் என் முழங்கை வரை வழிந்தது. சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர் என் பக்கத்தில் வந்து மூக்கைச் சுருக்கினார்.

"மீன் ஏத்திருக்கியாம்மா?"

"இல்ல. ஏத்தி வுட்டேன்."

மறுநாள் அருள்மொழியும் மாலதியும் அவளோடு சேர்ந்து கூடைகளோடு வந்தார்கள். ஜன்னல் வழியாக இல்லை, கதவு வழியாக. இளவரசு வேறு பக்கம் திரும்பி விசில் ஊதினான். அந்த வாரக் கடைசியில் சூப்பர்வைசரே சரிவுக்கு வந்துவிட்டார். வண்டிக்குக் குறுக்கே நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இந்த அழும்பு தொடர்ந்தா வண்டிய இங்கேருந்து எடுத்து, பிச்சாவரத்துல டூரிஸ்ட்டுக்கு வுட்டுடுவோம். அப்புறம் நீங்க நீஞ்சித்தான் போவணும்."

அவர் செய்யக்கூடியவர்தான். தில்லையம்மாளுக்கும் அது தெரியும். அவள் இறங்கவில்லை. மிதவைச் சட்டையை மாட்டி, வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"கொண்டு போங்க சார். பிச்சாவரத்துக்குப் பக்கத்துலதான் கிள்ளை. எங்க அக்கா அங்கதான் மீன் விக்கிறா. அவ கூடை என்னுதவிடப் பெருசு."