மாடிப்படியில் தூவிய மாவு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், "வேற வேலை இல்லையா லா" என்று எழுந்து போகிறவள் நான். இன்றைக்கும் அப்படித்தான், அதனால் நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. ஆனால் மாவில் பதிந்ததை என் கண்ணால் பார்த்தேன், அதை எப்படி இல்லை என்பேன்?

சீனாவில் ஜப்பான்காரன் ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டிருந்த சமயம். பினாங்கில் அப்போது சண்டை இல்லை, கப்பல் கப்பலாகச் சனங்கள் வந்து இறங்கினார்கள். அப்படித் தப்பி வந்த ஒருத்திக்கு எங்கள் வீட்டு மாடி அறையை வாடகைக்கு விட்டார் வீட்டுச் சொந்தக்காரர் ராவுத்தர். நாங்கள் கீழே, அவள் மேலே. புருஷன் பின்னால் வருவதாகச் சொல்லி அவளை மட்டும் ஏற்றிவிட்டானாம். பேர் வாயில் நுழையவில்லை, சீனப் பொண்ணுகளைக் கூப்பிடுகிற மாதிரி அமோய் என்றே கூப்பிட்டோம், அவளும் என்னை அக்கா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டாள்.

பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாவம் என் புருஷனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரிந்தது. துறைமுகத்தில் நாளெல்லாம் மூட்டை தூக்குகிற மனுஷன், எனக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கித் தந்ததில்லை, அவளுக்கு மட்டும் தினமும் இரண்டு வாளி மாடிக்குப் போகும்.

கேட்டால், "நாடு விட்டு வந்த பொண்ணுடி" என்பார்.

"நான் மட்டும் பக்கத்து ஜாலான்லேர்ந்தா, அடுத்த தெருவுலேர்ந்தா வந்தேன்? நானும் கப்பல்லதானே வந்தேன்!"

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறிவிடுவார். எனக்கு வயிறு எரியும்.

வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகிற நேரத்தில் இவர் மாடிக்குப் போகிறாரோ என்று ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. கோலமாவை அள்ளிப் படி முழுக்கத் தூவிவிட்டுக் கிளம்பினேன். இவருக்கு இடது காலில் கட்டைவிரல் கிடையாது, பெட்டி விழுந்து போனது. தடம் விழுந்தால் தப்ப முடியாதே!

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினால், படிக்குப் படி ஈரக் கால்தடம். எல்லாம் ஏறின தடம், இறங்கினது ஒன்றுகூட இல்லை. ஆள் மேலேதான் என்று விளக்குமாறோடு ஏறினேன். அறைக்கு வெளிப்பூட்டு போட்டிருந்தது, அவள் வேலைக்குப் போயிருந்தாள். குனிந்து பார்த்தேன். இரண்டு காலிலும் ஐந்தைந்து விரல். தொட்ட மாவில் கடல் வாடை அடித்தது.

அந்த நேரம் பார்த்து இவர் தெருவிலிருந்து உள்ளே வருகிறார். "என்னடி, விளக்குமாறும் கையுமா நிக்கிற?"

அவருக்குப் பின்னாலேயே அமோய். படியைப் பார்த்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளும் நானும் பசார் மலாயில்தான், அந்தக் கடைத்தெரு மலாயில்தான், பேசிக்கொள்வோம். அழுதுகொண்டே சொன்னாள்: "அக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க ஊர்ல செத்தவங்க ஏழாம் நாள் வீட்டுக்கு வருவாங்க. மாவு தூவித்தான் பாப்போம்." என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிமா காசே, தெரிமா காசே" என்று நன்றி சொன்னாள். தனக்காகச் செய்தேன் என்று நினைத்துவிட்டாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

அன்றைக்கே வெள்ளை உடுத்திவிட்டாள். அவள் புருஷன் வருகிற வழியில் கடலில் செத்த செய்தி அடுத்த கப்பலில்தான் வந்தது. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, அப்போதும் எனக்குப் பொறாமைதான். செத்த பிறகும் கடல் தாண்டித் தேடி வருகிற புருஷன் யாருக்குக் கிடைப்பான்?

பிறகு அவள் ஈப்போவில் தன் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். மேல் அறை பூட்டியே கிடந்தது. கொஞ்ச காலம் கழித்து இவரும் கண்ணை மூடினார். ஏழாம் நாள், சிரிக்காதீர்கள், தெருவாசலிலிருந்து எங்கள் அறைவரை மாவு தூவிவிட்டுப் படுத்தேன்.

விடிந்ததும் பார்த்தேன். வந்திருந்தார். இடது காலில் கட்டைவிரல் இல்லாத அதே தடம். எங்கள் அறை வாசலில் நிற்கக்கூட இல்லை. மாவு ஒட்டின கால் அப்படியே படியேறியிருந்தது. நானும் பின்னாலேயே ஏறினேன். பூட்டின கதவுக்கு முன்னால், தரையில், வாளி வைத்த ஈர வட்டம் இரண்டு.

கீழே வந்து பார்த்தால், என் குடம் காலியாகத்தான் இருந்தது.