கடைசித் தாளில் சரோஜா அக்கா

வேங்கிக்கால் பழைய பேப்பர் கடையில் ஒரு துப்பறியும் நாவலைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் சிவப்பு மையில், "மாப்பிள்ளையின் சித்தப்பாதான் கொலைகாரர்" என்றிருந்தது. என் கையெழுத்து.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பதினான்கு வயது. கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்து நாவல் படித்ததை எதிர்வீட்டு சரோஜா அக்கா அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா என் நாவல்களையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தார். அக்காவைப் பழிவாங்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு தெருவுக்கு வந்ததுதான் இந்த நாவல்; கல்யாணச் சமையல்காரி ஒருத்தி ருசி பார்த்தே கொலையைத் துப்பறியும் கதை. தெருவே மாற்றி மாற்றிப் படித்தது. படித்தவர்கள் கடைசித் தாளில் கருத்து எழுதுவார்கள். மூன்று வாரம் காத்திருந்த அக்காவுக்கு என் கையிலிருந்துதான் புத்தகம் போக வேண்டும்.

"முடிவ மட்டும் சொல்லிடாதடா."

"சொல்லமாட்டேன்க்கா."

சொல்லவில்லை, எழுதிக் கொடுத்தேன். மறுநாள் கோலம் போடும்போது அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அது இனித்தது. தை மாதம் கல்யாணமாகிப் போனார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போதுதான் கடைசித் தாளைப் பார்க்கிறேன். "சமையல்காரி ஜாஸ்தி பேசுறா" என்று யாரோ எழுதியதற்குக் கீழே அக்காவின் எழுத்து:

"முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் சமையல்காரிக்காக முழுசும் படித்தேன். எழுதினவன் யாரென்று தெரியும். இந்தத் தடவை அவன் அப்பாவிடம் சொல்லமாட்டேன்."