பரிசு வாங்கிய ஹூக்கு

என் கணவர் துபாயில் வீட்டு அலங்காரச் சாமான்கள் விற்கும் கடையில் வேலை பார்க்கிறார். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் இப்படிச் சபுரில்தான், வெளிநாட்டுப் பிழைப்பில்தான் இருக்கிறார்கள். ஒருவர் லீவில் வந்தால் மற்றவர்களின் பார்சலும் அவர் பெட்டியிலேயே வரும். நாம் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். போன வருடம் அப்படித்தான் ஒரு சின்ன அட்டைப் பெட்டி வந்தது.

உள்ளே பித்தளை நிறத்தில், உள்ளங்கை நீளத்தில் ஒரு பொருள். ஒரே தகட்டை எங்கும் ஒட்டுப் போடாமல் வளைத்திருந்தார்கள். நிமிர்ந்து எழும்பி, நுனியில் மட்டும் கவிழ்ந்திருந்தது. சிறந்த வடிவமைப்புக்குப் பரிசு வாங்கியது என்று பெட்டியில் போட்டிருப்பதாக மகள் படித்துச் சொன்னாள். எதற்குப் பயன்படும் பொருள் என்று மட்டும் போடவில்லை. பரிசு வாங்கியதை வேறு எங்கே வைப்பது? ஹாலில், கண்ணாடி ஷோகேஸில், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தேன்.

பக்கத்து வீட்டு மாமிக்கு உள்ளே நுழைந்ததும் அதுதான் கண்ணில் பட்டது. "என்னம்மா இது, வாத்து கழுத்தாட்டம் இருக்கு? தொழுவுற வீட்டுல உருவம் வைக்கலாமா?" என்றார். அவர் சொன்ன பிறகு எனக்கும் வாத்தாகவே தெரிந்தது. பழைய துணியில் சுற்றி பீரோவுக்குள் தள்ளிவிட்டேன்.

அடுத்த வாரம் வீடியோ காலில், "அத எங்க மாட்டியிருக்கே?" என்று கேட்டார் என் கணவர்.

"எதைங்க?"

"அந்த ஹூக்கத்தான். சட்டை மாட்டுறது."

வாத்துக் கதையைச் சொன்னேன். ஃபோன் ஆட ஆடச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சட்டை மாட்டுறதுக்கெல்லாமா பரிசு குடுப்பாங்க, வேலையத்தவங்க?" என்றேன்.

சிரிப்பு அடங்கியதும், "நம்ம ரூம்ல மாட்டி வை. அடுத்த தடவ வந்து சட்டையக் கழட்டி அதுல மாட்டுனேன்னா, அப்புறம் சபுர் கிடையாது. வந்தது வந்ததுதான்" என்றார்.

மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "எவ்வளவு ஒசரத்துலக்கா?" என்று அவர் கேட்டபோது முழித்தேன். நிக்காஹ் ஆகிப் பதினாறு வருடம். என் கணவரின் தோள் எனக்கு எந்த இடத்தில் வரும் என்று நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அவருடைய பழைய சட்டை ஒன்றை எடுத்து, சுவரில் வைத்துப் பார்த்துக் குத்துமதிப்பாக ஓரிடம் காட்டினேன்.

அந்தச் சட்டையையே முதலில் மாட்டிப் பார்த்தேன். பரிசு கொடுத்தவர்கள் வேலையற்றவர்கள் இல்லை. காலர் துருத்தாமல், தோள் சரியாமல், ஆள் போட்டிருப்பது போலவே நின்றது. பார்க்க முடியவில்லை, கழற்றிவிட்டேன். மகள் ஸ்கூல் பையை மாட்டப் போனபோது காரணமே சொல்லாமல் அதட்டினேன். தினமும் அதைத் துடைத்தேன். துடைக்கும்போதெல்லாம் அவர் வேண்டும் என்றிருக்கும். பணமோ சாமானோ இல்லை, அவர்.

சம்பா அறுத்து, வயலில் உளுந்து பச்சை பிடித்த சமயம் வந்தார். ஹூக்கைத் தடவிப் பார்த்து, "நல்லா மாட்டியிருக்கே" என்றார். சட்டையைக் கழற்றி, நாலாக மடித்துத் தன் பயணப் பெட்டிக்குள் வைத்தார். களைப்பு என்று நினைத்தேன். மறுநாளும் பெட்டிக்குள்தான் போனது. நானே எடுத்து மாட்டினேன். காலையில் பார்த்தால் திரும்பப் பெட்டிக்குள் இருந்தது. அங்கே ஒரு ரூமில் எட்டுப் பேர், சுவரில் இடம் இருக்காது, அதே பழக்கமாகிவிட்டது என்றார். நம்பத்தான் ஆசைப்பட்டேன்.

மூன்றாம் வாரம் நேராகவே கேட்டேன். "ஒரே ஒரு தடவ மாட்டுங்களேன். என்ன ஆயிடும்?"

கையில் சட்டையுடன் கட்டிலில் உட்கார்ந்தார். "விசா ரெண்டு வருஷத்துக்குப் புதுப்பிச்சாச்சு. புள்ளை படிப்பு இருக்குல்ல" என்றார். பிறகு மெதுவாக, "அதுல மாட்டிட்டேன்னா எடுக்க மனசு வராது புள்ள" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

அவர் கையிலிருந்து சட்டையை வாங்கி, மேல் பொத்தானைப் போட்டு, நானே மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.