ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும் நான் வெயில் கொளுத்தும் ஒரு தீவில் வாழ்ந்தேன். உடம்பு மட்டும் மொன்றியலில் இருந்தது.

புறநகரான புவாண்ட்-கிளேரில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் எனக்கு வரைபடம் வரையும் வேலை. கரீபியன் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவின் தலைநகரைத் திருத்தி அமைக்கும் திட்டம் எங்கள் கைக்கு வந்திருந்தது. சனங்கள் எங்கும் நடந்தே போய்வரலாம், களைத்தால் உட்காரலாம், அப்படியொரு நகரம். நான் அங்கே போனதே இல்லை. விமானத்திலிருந்து எடுத்த பெரிய படத்தை மேசையில் விரித்து, அதன்மேல் மெல்லிய தாளைப் போட்டு, கூரை கூரையாக மையால் வரைந்தேன்.

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் வட்டாரத்து வீட்டிலிருந்து வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வெளியே பனி கொட்டும். கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஊருக்குள் இறங்கிவிடுவேன். தேவாலயத்தின் பின்னால் உள்ள குறுகிய ஒழுங்கையால் நடந்து, வளைந்து, துறைமுகத்துக்கு வந்து சேர்வேன். எந்த மதில் எங்கே முடிகிறது என்று எனக்கு அத்துப்படி. சொந்தத் தெருவில் பக்கத்து வீட்டுக்காரரின் முகம் தெரியாது, அது வேறு கதை. கனவில் நடந்த அந்தத் தெருக்களில் நான் ஒருவரையும் சந்தித்ததில்லை. அது எனக்கு வித்தியாசமாகவும் படவில்லை. இரண்டு தடவை இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். "உங்களுக்கு அங்கை இன்னொரு குடும்பம் இருக்குப்போல" என்று மனைவி சீண்டுவாள்.

துறைமுகத்தை ஒட்டி ஒரு வெட்டவெளி இருந்தது. படத்தில் அங்கே ஈ காக்கைகூட இல்லை. திட்டப்படி அது கார்கள் நிறுத்தும் இடமாகப் போகிறது. அதன் குறுக்கே 'காலி நிலம்' என்று அழகாக எழுதினேன். என் எழுத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பின்னேரம் நான்கு மணிக்கு அலுவலகத்தைக் கூட்டித் துடைக்க ஒரு பெண் வருவார். அவர் அந்தத் தீவுக்காரர் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் குப்பைக்கூடையை எடுக்கக் குனிந்தவர் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். விரலைத் தெருவழியே ஓட்டிப்போய் வெட்டவெளியில் நிறுத்தி, என் அம்மா மீன் விற்கும் இடம் என்றார் பிரெஞ்சில். இங்கே ஒருவரும் இல்லையே என்றேன், எனது அரைகுறைப் பிரெஞ்சில். எவ்வளவு மோட்டுத்தனமான பேச்சு!

அவர் குனிந்து நெடுநேரம் தேடினார். ஊருக்குப் போய் ஒன்பது வருடமாம். தினமும் சந்தைக்குப் போகிறேன், நன்றாக இருக்கிறேன் என்று தொலைபேசியில் அம்மா சொல்வதெல்லாம் தன்னைத் தேற்றத்தானா என்று கேட்டார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை. கூடையை எடுக்காமலே போய்விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் வரைபடம் தீவுக்குப் போக வேண்டும். போனால் அங்கே தார் ஊற்றிவிடுவார்கள். படத்தின் நகல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை மேசையில் விரித்து, மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். நாங்கள் இருவரும் மன்னார்க் கரையில் பிறந்த கத்தோலிக்கர். அவளுடைய தகப்பன் மீன்பிடி வள்ளம் வைத்திருந்தவர். வெங்காயம் உரித்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன, வள்ளம் முழுக்கக் கரையில கிடக்குது?"

"ஓம். அதுக்கென்ன?"

"கடலில ஒண்டுகூட இல்லை. கோயிலடியைப் பாருங்கோ, எத்தினை வாகனம் நிக்குது. இது ஞாயிற்றுக்கிழமை எடுத்த படமப்பா! பூசை நேரம் ஆர் சந்தையில நிக்கப்போயினம்?"

அந்த வள்ளங்களை ஒன்றுவிடாமல் வரைந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் கரையேற்றிய வள்ளங்களுக்கிடையே ஒளித்துப் பிடித்து விளையாடியவனும் நான்தான். என்மீது எனக்கு வந்த கோபம் இன்றுவரை முழுதாக ஆறவில்லை.

மறுநாள் காலை தலைமைப் பொறியாளரிடம் போனேன். சென்னைக்காரர், மொன்றியலுக்கு வந்து வெகுகாலம் ஆனவர்.

"சார், இது காலி நிலம் இல்லை. சந்தை."

"போட்டோல யாரும் இல்லையேப்பா. இருக்கறதைத்தானே நாம வரையறோம்?"

வள்ளங்களைக் காட்டினேன். தேவாலய வாசலைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "மக்களுக்கான ஊர்னு முதல் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்கோம்" என்று முணுமுணுத்தார். உடனே தீவுக்கு ஃபேக்ஸ் போனது.

அன்று நான்கு மணி வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னதும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிரித்தார், பிறகு அழுதார். அம்மாவைத் தேடின கண்ணுக்கு வள்ளமா தெரியும்?

இரண்டு நாளில் பதில் வந்தது. திங்கள் முதல் சனிவரை அங்கே சந்தைதான். கார்கள் நிறுத்தும் இடம் ஊருக்குப் பின்னால் தள்ளிப்போனது. நான் 'காலி நிலம்' என்ற எழுத்தைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டி எடுத்தேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் கண்ணை மூடினால் அந்த வெட்டவெளியில் பேரம் பேசும் சத்தம் கேட்டது. சொல்லிச் சிரிக்காதீர்கள், மீன் வாசமும் வந்தது.

வரைபடம் தீவுக்குக் கிளம்புவதற்கு முதல்நாள், அம்மா எந்த இடத்தில் உட்காருவார் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். கிழக்கு மூலையில் விரல் வைத்தார். இருக்கிறதிலேயே மெல்லிய பேனையால் அங்கே ஒரு புள்ளி போட்டேன்.

கையெழுத்துப் போடக் குனிந்த பொறியாளரின் கண்ணில் அது பட்டுவிட்டது.

"இது என்ன, மை சிந்திடுச்சா?"

"இல்லை சார். ஒரு அம்மா இருக்கிறா. மீன் விக்கிறவ."

என்ன சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பேனையை மூடாமலே அந்தப் புள்ளியைப் பார்த்தார்.

"வெயில்லயா உக்காந்திருக்காங்க?" என்று கேட்டார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மரம் வரைந்தேன்.