எண்ணை மட்டும் எடுத்துக்கொள்

இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் தெல்மா ஷட்டில்வொர்த்துக்குப் பிடித்த மனிதர்கள் அதிகம் இல்லை. முப்பது வருஷம் பஸ் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் இருந்தவள். கேட்ட சாமானை எடுத்துத் தருவாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். விவாகரத்தில் வீடு கணவன் ரோலண்டுக்குப் போனது. துருவேறிக் கிடந்த 1962ஆம் வருஷத்து மாரிஸ் மைனர் கார் இவளுக்கு வந்தது. ஒன்பது குளிர்காலம் அதன் அடியில் படுத்து, தானே அதை ஓட வைத்தாள்.

ஒரே ஒரு உறுத்தல். வண்டி முதன்முதலில் பதிவான நாளிலிருந்து அதன் எண் ஆர்சிடபிள்யூ 40. ரோலண்ட் கிளைவ் வாட்ஸ்வொர்த் என்ற பெயரின் மூன்று முதலெழுத்துகள். அதற்காகவே அவன் அந்தப் பழைய வண்டியை ஒரு காலத்தில் வாங்கியிருந்தான். பிரிந்த பிறகும் ஒவ்வொரு பழைய கார் கண்காட்சிக்கும் வந்து, பக்கத்தில் நின்று, "என் வண்டி" என்பான். நம்பர் பிளேட்டைக் காட்டினால் யார் நம்பமாட்டார்கள்?

அந்த நாட்டில் பதிவு எண்ணை வண்டியிலிருந்து பிரித்துத் தனியாக விற்கலாம். இந்த வசந்தத்தில் அவனே எண்ணை மட்டும் விலைக்குக் கேட்டான். ஆறாயிரம் பவுண்ட். செய்தி பழைய கார் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தேநீரில் செயலாளர் எட்கர் கிளெக் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"பொறந்த நம்பரக் கழட்டி விக்கிறியாமே. மிச்சம் வெறும் தகர டப்பாதான், கண்ணு."

"ஒம்பது வருஷமா நான் தட்டுனதும் தகரத்தத்தான்."

"இனிக் கண்காட்சியில முதல் வரிசையில நிக்க விடமாட்டேன். அசல் நம்பர் உள்ள வண்டிக்குத்தான் அந்த எடம்."

"உங்க வரிசைய நீங்களே வச்சுக்கங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு ஊரில் மரியாதை கிடைத்த இடம் அந்த வரிசை ஒன்றுதான். எண்ணைப் பிரித்துக் கொடுக்கும் விண்ணப்பம் மூன்று நாள் சமையலறை மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. எண்ணை விற்றால் வரிசை போகும். விற்காவிட்டால் வண்டி கடைசிவரை அவனுடையதாகவே இருக்கும். நாலாம் நாள் கையெழுத்துப் போட்டாள்.

புதிய பதிவுப் புத்தகம் தபாலில் வந்தது. அந்த வருஷத்து வண்டிகளுக்குரிய ஏதோ ஒரு எண். இதை வேறு வண்டிக்கு மாற்ற முடியாது என்று கூடவே ஒரு வரி. அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

எண்ணுக்கான சான்றிதழை வாங்க ரோலண்ட் வந்தான். அவனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஒரு டீ கூடக் கிடையாதா?"

"பணம் வந்துருச்சு. இந்தா பேப்பர்."

அவன் தலையை நீட்டி வண்டியைப் பார்த்தான். "என்ன நம்பர் இது? ஒரு அர்த்தமும் இல்ல. வித்தா நாலு காசு தேறுமா?"

"தேறாது. வாங்கணும்னு எவனும் வாசல்ல வந்து நிக்கவும் மாட்டான்."

"அந்தப் பழைய பிளேட்டையாவது குடு."

"நீ வாங்குனது நம்பர. தகரம் என்னோடது."

அவன் சிரிக்கப் பார்த்தான். "சரி விடு. ஜூன் கண்காட்சியில பாப்போம்."

"அங்க உனக்கு என்ன வேலை?"

ரோலண்ட் சான்றிதழை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். தெல்மா கதவைச் சாத்தினாள்.